தெருவில் நடப்பவரின் மனதை அளப்பது எப்படி? சென்னையைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் திட்ட அலுவலர்களுக்கும், பெருநகர சென்னை மாநகராட்சியில் பூங்கா, நடைபாதை, கடற்கரைப் பணிகளைக் கவனிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுப்பவள். நகரமைப்பு என் துறையல்ல. 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டத்தைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒன்று இருக்கிறது. பேருந்து நிறுத்தத்திலோ பூங்காவிலோ கடற்கரையிலோ நிற்கிற ஒருவருக்கு அந்த இடம் என்ன செய்கிறது, மனசு லேசாகிறதா, பயமாக இருக்கிறதா, அலுப்பாக இருக்கிறதா என்று அளப்பதற்கு எங்கள் துறையில் வழிகள் உண்டு. அந்த அளவையும் உங்கள் திட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கூடவே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இதைத் தப்பாக அளந்தால், அளக்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும்.

நீங்கள் அளக்காதவர்கள் இல்லை. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். விளக்குக் கம்பங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், வார்டுக்கு எத்தனை பூங்கா, தலைக்கு எத்தனை சதுர மீட்டர் பசுமை, நாளைக்கு எத்தனை பேர் வந்துபோகிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் கோப்பில் கணக்கு இருக்கும். மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று 2014-லேயே தனிக் கொள்கை வகுத்த மாநகராட்சி இது. நடப்பவர்களைப் பற்றி இங்கே யாருமே யோசிப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை.

தி.நகரையே எடுத்துக்கொள்வோம். தியாகராய சாலையில், அதாவது நம் பாண்டி பஜாரில், 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் வந்தது. இரண்டும் நடப்பவர்களுக்காகக் கட்டியவை. தலைகளை எண்ணினால் இரண்டுமே வெற்றிதான். ஆனால் பாண்டி பஜாரில் ஒரு மாலை நேரம் நின்று பாருங்கள். துணிக்கடைப் பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கூட வந்த பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருப்பார். பிள்ளைகள் இருக்கையைச் சுற்றிச் சுற்றி ஓடும். ஆகாய நடைபாதையில் எல்லோருக்கும் ஒரு ரயிலையோ பஸ்ஸையோ பிடித்தாக வேண்டும். அது அதற்காகக் கட்டியதுதான், குற்றமில்லை. ரங்கநாதன் தெருவில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, இரவு கடை அடைத்ததும் அதில் தனியாக நடந்துபோகிற பெண்ணுக்கு முதல் நூறு மீட்டரில் என்ன தோன்றுகிறது, கடைசி நூறு மீட்டரில் என்ன தோன்றுகிறது என்பதுதான் என் கேள்வி. பாட்டுக் கேட்டுக்கொண்டு நிதானமாக நடந்தாலும், பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாலும், தலைக்கணக்கில் அவர் ஒன்றுதான்.

உணர்வை அளக்கப் போகிறோம் என்று அறிவித்தீர்களானால், உடலின் மாற்றங்களைப் பதியும் கைப்பட்டை விற்கிற நிறுவனம் ஏதாவது ஒன்று மறுநாளே உங்கள் வாசலில் நிற்கும். அதற்கு முன் அந்தக் கைப்பட்டை என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொல்லிவிடுகிறேன்.

மனம் கிளர்ந்தால் தோலில் உள்ள வியர்வைச் சுரப்பிகள் விழித்துக்கொள்ளும். தோல் வழியே மின்சாரம் கடப்பது கொஞ்சம் எளிதாகும். விரல்களில் இரண்டு மின்முனைகளைக் கட்டி, நமக்கு உறைக்கவே உறைக்காத அளவு மின்னழுத்தம் கொடுத்தால் அந்த மாற்றத்தை மைக்ரோசீமென்ஸ் என்ற அலகில் பதியலாம். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தால் சில விநாடிகளில் கோடு எகிறும். ஜி.பி.எஸ்ஸோடு சேர்த்துவிட்டால் தெருவின் எந்த முனையில் எகிறியது என்பதும் வரைபடத்தில் வந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு சிக்கல் உண்டு.

முதலாவது பாடப்புத்தகச் சிக்கல். ஜேம்ஸ் ரஸ்ஸல் என்ற உளவியலாளர் 1980-ல் உணர்வுகளை ஒரு வட்டத்தில் அடுக்கிக் காட்டினார். அதில் ஓர் அச்சு இனிமையா கசப்பா என்பது, இன்னொன்று பரபரப்பா அமைதியா என்பது. தோலின் மின்சாரம் இந்த இரண்டாவது அச்சை மட்டும்தான் தொடுகிறது. மெரினாவில் அலை காலை நனைத்ததும் குதிக்கிற குழந்தைக்கும், காமராஜர் சாலையைக் கடக்கும்போது சீறி வருகிற பைக்குக்கு ஒதுங்குகிற பெரியவருக்கும் கோடு ஒரே மாதிரிதான் எகிறும். எது சந்தோஷம், எது திகில் என்று கருவிக்குத் தெரியாது.

இரண்டாவது நம் ஊர்ச் சிக்கல். மாணவிகளை அழைத்துக்கொண்டு மே மாதத்தில் ஒருநாள் பனகல் பூங்காப் பக்கம் இந்தக் கருவியோடு நடந்தோம். விரலில் சுற்றிய டேப் கொஞ்ச நேரத்திலேயே வழுக்க ஆரம்பித்துவிட்டது. ஒட்டினோம், மறுபடியும் வழுக்கியது. திரையில் கோடு ஏறிக்கொண்டே போனது. கருவியை மாட்டியிருந்த மாணவியிடம் "பயமா இருக்கா?" என்று கேட்டதற்கு, "இல்ல மேம், புழுங்குது" என்றாள். நிழலில் இளநீர்க்காரர் பக்கத்தில் போய் நின்ற பிறகும் கோடு இறங்க வெகுநேரம் ஆனது. உள்ளங்கையிலும் விரலிலும் உள்ள சுரப்பிகளாவது மனக்கிளர்ச்சிக்கு நன்றாகப் பதில் சொல்லும். கடையில் விற்கிற பட்டைகள் உட்காரும் மணிக்கட்டில் உடல் வெப்பம்தான் ஓங்கி நிற்கும். குளிர்ந்த ஊர்களில் பழகிய முறையைச் சென்னையின் மே மாதத்தில் அப்படியே கொண்டுவந்து கட்டினால், நகரத்தின் உணர்வு வரைபடம் என்ற பெயரில் நகரத்தின் வியர்வை வரைபடம் ஒன்று கிடைக்கும். அதற்கு வெப்பமானியே போதும், விலையும் குறைவு.

(இதிலும் ஒரு சேதி இருக்கிறது என்பேன். மார்ச் முதல் ஜூன் வரை இந்த ஊரில் ஒரு தெரு ஒருவருக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதில் பாதியை நிழலே முடிவு செய்துவிடுகிறது என்பது என் கணிப்பு. அழகான கிரானைட் இருக்கையை உச்சி வெயிலில் போட்டால் அதில் யாரும் உட்கார மாட்டார்கள். அது காக்கைக்கும் சுடும்.)

அப்படியானால் கருவியே வேண்டாமா? வேண்டும், ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். கிறிஸ்டியன் நோல்ட் என்ற கலைஞர் 2004-ல் இந்த வேலையைத் தொடங்கினார். அடுத்து வந்த 2005, 2006-ல் லண்டனின் கிரீனிச் பகுதி மக்களுக்குத் தோல் மின்கருவியையும் ஜி.பி.எஸ்ஸையும் கொடுத்து அவர்கள் இஷ்டப்படி நடந்துவரச் சொன்னார். அவர் செய்த நல்ல காரியம், கோட்டைப் பார்த்துத் தானே தீர்ப்பு எழுதாததுதான். திரும்பி வந்தவர்களை உட்காரவைத்து, தங்கள் கோட்டின் ஏற்ற இறக்கங்களைத் தாங்களே பார்த்து, அங்கே என்ன நடந்தது என்று சொந்த வார்த்தையில் எழுதச் சொன்னார். அந்தக் குறிப்புகளோடுதான் வரைபடம் அச்சானது. கருவி ஒரு சாக்கு. "இந்த இடத்தில் ஏன் எகிறியது?" என்று கேட்டால்தான், வேறெந்தப் படிவத்திலும் எழுதத் தோன்றாத ஒன்றை மனிதர் சொல்வார்.

இன்னொரு சோதனை நம் நகரத்துக்கு நேராகவே பொருந்தும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலின் எல்லார்ட், 2011-ல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்தார். பெரிய அங்காடி ஒன்றின் நீளமான மொட்டை முகப்பை ஒட்டி நடந்தபோது அவர்களின் பரபரப்பு தணிந்தது. நிம்மதியால் அல்ல, சலிப்பால். அந்த இடத்தை வருணிக்கச் சொன்னால் சப்பென்ற வார்த்தைகளாக வந்தன. சற்றுத் தள்ளி, சின்னச் சின்னக் கடைகளும் உணவகங்களும் கதவுகளும் நிறைந்த பகுதியில் அதே ஆட்கள் விழித்துக்கொண்டார்கள், வாய் நிறையப் பேசினார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வந்தது சர்தார் படேல் சாலை. மத்திய கைலாஷிலிருந்து கிண்டிப் பக்கம் நடந்தால் ஐ.ஐ.டி., தோல் ஆராய்ச்சி நிலையம், அண்ணா பல்கலைக்கழகம், ஆளுநர் மாளிகை என்று மதில் முடிந்தால் மதில். மதிலுக்கு மேலே நகரத்தின் மிக நல்ல மரங்கள். பகல் பதினோரு மணிக்கு அந்த நிழலுக்குக் கோயில் கட்டலாம். கண்மட்டத்திலோ கதவில்லை, ஜன்னலில்லை, டீக்கடை இல்லை, ஆள் இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் என் மாணவிகள் அந்த நடைபாதையில் நடக்க மாட்டார்கள். ஒரு நிறுத்தத்துக்கும் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிப்பார்கள். உங்கள் பசுமைக் கணக்கில் இந்தச் சாலைக்கு நல்ல மதிப்பெண், நடைபாதை அகலக் கணக்கிலும் பல இடங்களில் தேர்ச்சி. அதே இடம் காலையில் ஆறுதல், இரவில் அச்சம். ஒரே ஒரு நேரத்தில் போய் அளந்தால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். அரசு அலுவலக நேரம் பத்து முதல் ஐந்தே முக்கால் என்பதால் எது கிடைக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஆய்வு முடிவுகளைக் கையில் எடுக்கும்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மூளை மின்னலையைப் பதியும் தலைப்பட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெரு, பூங்கா, பரபரப்பான வணிகப் பகுதி என்று நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. பூங்காவுக்குள் நுழைந்ததும் எரிச்சல் குறைந்தது என்றது. பலரும் மேற்கோள் காட்டுகிற ஆய்வு. அதில் நடந்தவர்கள் மொத்தம் 12 பேர். வழி காட்டுகிற முயற்சி என்ற அளவில் நல்லது, ஆனால் அதை வைத்துக்கொண்டு யாராவது உங்களிடம் திட்ட அறிக்கை நீட்டினால் எத்தனை பேர் என்று கேளுங்கள். எதிர்ப்பக்கம், பிரிட்டனில் ஜார்ஜ் மெக்கெரன் 2010-ல் தொடங்கிய 'மேப்பினஸ்' செயலியில் 20,000-க்கு மேற்பட்டவர்கள் பத்து லட்சத்துக்கும் அதிகமான பதில்கள் கொடுத்தார்கள். நாளில் ஏதோ ஒரு நேரத்தில் போன் சிணுங்கும், இப்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்கும், இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ். குறித்துக்கொள்ளும். எல்லா இடத்தையும்விடக் கடலோரம்தான் முதலில் வந்தது. நூற்றுக்கு எடுத்த மதிப்பில், தொடர்ச்சியான கட்டடப் பகுதியைவிட ஏறத்தாழ 6 புள்ளி அதிகம். மெரினாக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு வேண்டாம்தான். அந்தச் செயலி ஐபோனில் மட்டுமே ஓடியது என்பதைச் சொல்லத்தான் இங்கே கொண்டுவந்தேன். பத்து லட்சம் பதில் வந்தாலும் ஐபோன் வாங்க முடிந்தவர்களின் பதில்தான் வந்தது. கியூ.ஆர். கோடு ஒட்டிவிட்டுக் கருத்துக் கேட்பு முடிந்தது என்று கோப்பை மூடுகிறபோது இதே தவறு நம் ஊரிலும் நடக்கும்.

சரி, நேரில் போய்க் கேட்டுவிடலாமே என்றால் அங்கேயும் ஒரு கண்ணி. கழுத்தில் அட்டையும் கையில் படிவமுமாக ஒருவர் வந்து "இந்தப் பூங்கா எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம்மவர்கள் என்ன சொல்வார்கள்? "நல்லாத்தான் இருக்கு சார்." குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் நல்லாத்தான் இருக்கும். வந்தவர் மனம் கோணக்கூடாது, அரசாங்க ஆள் வேறு, எதற்கு வம்பு. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னால் நாலு போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். அதனால் உணர்வை நேராகக் கேட்காமல் நடத்தையைக் கேளுங்கள். இங்கே எங்கே உட்காருவீர்கள்? எந்த இடம் வந்தால் நடையை எட்டிப் போடுவீர்கள்? எந்தப் பக்க நடைபாதையை விட்டுச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போவீர்கள்? எட்டு மணிக்கு மேல் மகளைத் தனியாக இந்த வழியே அனுப்புவீர்களா? மகனை அனுப்புவீர்களா? இந்தக் கடைசி இரண்டு பதில்களுக்கும் உள்ள இடைவெளியைப் போல ஓர் அளவுகோலை எந்தக் கருவியும் கொடுக்காது.

வில்லியம் வைட் என்ற அமெரிக்க நகர ஆய்வாளர் இதை உடலில் கட்டும் கருவியில்லாமலே செய்தவர். நியூயார்க்கின் சின்னச் சதுக்கங்களில் கேமரா வைத்து யார் எங்கே உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம், யாரோடு என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய வேலையின் தாக்கத்தில் 1975-ல் அந்த நகரம் சதுக்கங்களுக்கான கட்டட விதிகளையே திருத்தியது. அவர் கண்டதில் எனக்கு மிகவும் பிடித்தது இது: ஓர் இடத்தில் பெண்களின் பங்கு வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால், அந்த இடத்தில் ஏதோ கோளாறு. உட்கார இடம் தேடும்போது பெண்கள் அதிகம் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றார். உங்கள் பூங்காக் காவலர் ஒருவர் மாலை ஏழு மணிக்கு இருக்கைகளில் உள்ள பெண்களையும் ஆண்களையும் எண்ணி ஒரு நோட்டில் எழுதினாலே முதல் தரவு கிடைத்துவிடும்.

நம் நாட்டிலேயே இதற்கு வழிமுறை இருக்கிறது. கல்பனா விஸ்வநாத்தும் ஆஷிஷ் பாசுவும் 2013-ல் டெல்லியில் தொடங்கிய 'சேஃப்டிபின்' என்ற செயலி ஓர் இடத்தை ஒன்பது அம்சங்களில் மதிப்பிடுகிறது. வெளிச்சம், திறந்தவெளி, பிறர் கண்ணில் படுகிறோமா, ஆள் நடமாட்டம், காவல், நடைபாதை, பொதுப் போக்குவரத்து, பெண்கள் அங்கே எவ்வளவு இருக்கிறார்கள் என்பவையெல்லாம் முதல் எட்டு. ஒன்பதாவது, இங்கே நிற்கும்போது எப்படி உணர்கிறீர்கள் என்பது. முதல் எட்டும் பொறியாளர் அளக்கக் கூடியவை. எட்டும் நன்றாக இருந்து ஒன்பதாவது மட்டும் சரிந்து கிடக்கிற இடங்கள்தான் நீங்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டியவை. பொறியியல் கண்ணில் படாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. எதிரே டாஸ்மாக் கடையாக இருக்கலாம், முன்பு நடந்த ஒரு சம்பவத்தின் நினைவாக இருக்கலாம்.

பூங்காவில் நிற்பவர்களை மட்டும் கேட்பதில் இன்னொரு ஓட்டை உண்டு. பிடிக்காதவர்களும் பயந்தவர்களும் வர முடியாதவர்களும் அங்கே இருக்கவே மாட்டார்கள். மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கான நிரந்தர மரப்பாதை திறந்தபோது, சக்கர நாற்காலியிலேயே அலையருகே போனவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அதற்கு முந்தைய மாதம் கடற்கரை மணலில் ஆயிரம் பேரிடம் ஆய்வு நடத்தியிருந்தாலும், கடலைக் கிட்டத்தில் பார்க்க முடியாத ஏக்கம் என்று ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார். ஏங்கியவர்கள் மணலுக்கே வரவில்லையே. சில நாளில் மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சேதப்படுத்தியதும், பிறகு நீங்கள் அதைச் சரிசெய்ததும் ஊரறிந்தது. அந்தச் சில நாளில் எழுந்த கோபமும் வருத்தமும்கூட ஓர் அளவுதான். அதனால் ஓர் இடத்தைப் பற்றிக் கேட்கும்போது, பத்து நிமிட நடையில் இருக்கிற வீடுகளின் கதவையும் தட்டுங்கள். "அங்கே போவதில்லை" என்பவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது சராசரியைப் பற்றித்தான். மெரினா லூப் சாலையை நினைத்துப் பாருங்கள். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவருக்கு மீன் கவிச்சி முகம் சுளிக்க வைக்கும். நொச்சிக்குப்பத்தில் பிறந்த பெண்ணுக்கு அதே வாடை, இன்று மீன் பட்டிருக்கிறது, வீட்டில் அடுப்பெரியும் என்று சொல்லும். 2023-ல் அந்தச் சாலையோர மீன் கடைகளை அகற்றுவது உயர் நீதிமன்றம் வரை போனது, மீனவர்கள் மறியல் செய்தார்கள், 2024-ல் அங்கே புதிய மீன் அங்காடி திறந்தது. அந்த நேரத்தில் ஒரு கைப்பட்டை ஆய்வு நடந்து, "லூப் சாலையில் மக்களின் இனிமை உணர்வு குறைவு" என்று வண்ண வரைபடம் ஒன்று வந்திருந்தால் அது யார் பக்கம் பேசியிருக்கும்? அந்தச் சிவப்புப் புள்ளி யாருடைய மூக்கிலிருந்து வந்தது என்று வரைபடத்தில் எழுதியிருக்காது. அறிவியல் சொல்கிறது என்று கடையை எடுப்பது, அதிகாரி சொல்கிறார் என்று எடுப்பதைவிடச் சுலபம். எதிர்த்துப் பேச ஆளிருக்காது. ஆகவே முடிவுகளைச் சராசரியாக வெளியிடாதீர்கள். யார், எதற்காக அங்கே வருகிறார், எத்தனை வருடமாக வருகிறார் என்று பிரித்துக் காட்டுங்கள். இரண்டு கூட்டத்தின் உணர்வு எதிரெதிராக இருந்தால், எதிரெதிராக இருக்கிறது என்றே எழுதுங்கள். அதற்குப் பிறகு முடிவெடுப்பது அரசியல். அதை வரைபடத்தின் தலையில் கட்டக்கூடாது.

கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முகபாவனையைப் பார்த்துத் துயரத்திலிருக்கும் பெண்ணைக் கண்டுபிடிக்கும் கேமராக்களை வைக்கப்போவதாக 2021-ல் லக்னோ போலீசார் அறிவித்தார்கள், பலத்த எதிர்ப்பு கிளம்பியது. முகத்தை வைத்து உள்ளே என்ன உணர்வு என்று நம்பகமாகச் சொல்ல முடியாது என்று உளவியலாளர் லிசா பெல்ட்மன் பேரட்டும் சகாக்களும் 2019-ல் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் எந்தச் சென்னைவாசியின் முகத்தைப் பார்த்தாலும் கோபம் என்றுதான் தோன்றும். அது தூக்கக் கலக்கமாக இருக்கும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி நான் கேட்பது. உங்கள் திட்டப் பகுதியின் 1,189 சதுர கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் அளக்கச் சொல்லவில்லை. சில இடங்களை மட்டும் எடுங்கள்: தியாகராய சாலை, மாம்பலம் ஆகாய நடைபாதை, சர்தார் படேல் சாலை, மெரினாவின் ஒரு பகுதி. கட்டாயம் வடசென்னையில் ஒன்று, வியாசர்பாடிப் பக்கம் ஒரு விளையாட்டுத் திடல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பெரும்பாக்கம் அல்லது கண்ணகி நகரில் ஒன்று. கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் 2020 வாக்கில் பெரிய ஓவியங்கள் வந்தன, வெளியிலிருந்து வருகிறவர்கள் படமெடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஓவியத்துக்குக் கீழே குடியிருப்பவர் மாலையில் எங்கே போய் உட்காருகிறார் என்பது என்னைப் போன்றவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

ஒவ்வோர் இடத்திலும் அந்தப் பகுதிக்காரர்களோடு சேர்ந்து நடங்கள். அதிகாலை, உச்சிப்பொழுது, இரவு என்று மூன்று நேரமும் நடங்கள். வழியில் சில இடத்தில் நின்று ஒரு சின்ன அட்டையைக் காட்டுங்கள். பிராட்லி, லாங் என்ற உளவியலாளர்கள் 1994-ல் விளக்கிய பொம்மைப் படங்கள் இருக்கின்றன: ஒரு வரிசையில் சிரித்த முகத்திலிருந்து வாடிய முகம் வரை, இன்னொரு வரிசையில் சாந்தமான உருவத்திலிருந்து பரபரக்கும் உருவம் வரை. எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், விரல் வைத்தால் போதும். விரல் வைத்ததும் "ஏன்?" என்று கேட்டு, சொல்வதைச் சொன்னபடியே பதிவு செய்யுங்கள். திருத்தி எழுதாதீர்கள். விரும்புகிறவர்களுக்கு மட்டும், வெயில் தணிந்த நேரத்தில் மட்டும் கருவி. வேலை தொடங்குவதற்கு முன் ஒரு தடவை, முடிந்து ஒரு வருடம் கழித்து அதே ஆட்களோடு அதே வழியில் இன்னொரு தடவை. திறப்பு விழா வாரத்தில் வேண்டாம், அப்போது எல்லாமே புதுசாக மின்னும். ஒரு நடையாவது மழைக்காலத்தில் இருக்கட்டும்.

பெயரும் போன் எண்ணும் வாங்காதீர்கள். ஒருவர் நடந்த ஜி.பி.எஸ். தடத்தில் வீட்டிலிருந்து கிளம்பிய முதல் பகுதியை வெட்டிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பெண் எந்த வீட்டிலிருந்து கிளம்புகிறாள், எந்தத் திருப்பத்தில் பயப்படுகிறாள் என்ற தகவல் உங்கள் கணினியில் உட்கார்ந்திருக்கும். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்பது இருக்கட்டும், அந்தத் தகவலை வைத்திருப்பதே ஆபத்து. மற்றபடி, பெயர் நீக்கிய முடிவுகளைத் தமிழில் வெளியிடுங்கள், அந்தந்தப் பூங்கா வாசலிலேயே ஒட்டுங்கள்.

இதற்குப் புதிதாக ஒரு துறை வேண்டியதில்லை. மாநகராட்சிக்குள்ளேயே 2022 முதல் பாலினம் மற்றும் கொள்கை ஆய்வகம் இருக்கிறது, தெருவில் இறங்கிக் கேட்கத் தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள். கல்லூரிகளில் உளவியல், சமூகப்பணி, கட்டடக்கலை மாணவர்கள் இருக்கிறார்கள், செய்முறைத் தேர்வுக்கு எதையாவது செய்தாக வேண்டியவர்கள். செலவு என்று பார்த்தால் நடப்பவர்களுக்கு மோரும் போக்குவரத்துப் படியும் படிவ அச்சும்தான். படிவத்தைக் கூட்டத்தில் வைத்து இறுதி செய்வதற்கு முன், ஏதாவது ஒரு பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நாலு பேரிடம் வாசித்துக் காட்டிப் பாருங்கள். அவர்கள் நெற்றி சுருங்குகிற கேள்வியை எடுத்துவிடுங்கள். என் மாணவிகள் இந்த வேலைக்கு வரத் தயாராக இருக்கிறார்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு எங்களுக்கு ஆய்வக வகுப்பு.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலத்திலிருந்து ஓர் உளவியல் ஆசிரியை